ஒரே படகு

நீர்கொழும்பில் வெயில் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து வரும். கடல் இன்னும் கறுத்துக் கிடக்கும்போதே மணல் விழித்துவிடும். மணலில் விரித்த கயிற்றுப் பாய்கள் விழித்துவிடும். பாய் நிறைய வெள்ளி.

வயிறு கீறி உப்பிட்ட சாளை மீன்கள். ஒன்றின் தலை மற்றதன் வாலில். பாய்க்குப் பின் பாய், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை.

ஒரு விமானம் தாழ்ந்து வரும். அதன் நிழல் முதலில் தண்ணீரைத் தொடும். பிறகு மணலை. பிறகு மீன்களை. ஒரு கணம் வெள்ளி அணையும். மறு கணம் எரியும். மீன் பரப்பும் பெண்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சுபாஜினி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். நாளை விடியும்போது அவளும் அப்படி ஒன்றுக்குள் இருப்பாள்.

அவள் முல்லைத்தீவுக்காரி. கடல் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இது வேறு கடல். அவளுடைய கடலில் சூரியன் எழும்பும். இந்தக் கடலில் சூரியன் விழும்.

இந்தக் கடலில்தான் அவளுடைய புருஷன் கேதீஸ் படகேறிப் போனான். பதினொரு வருடம் ஆயிற்று. இதே போல மழை தொடங்கும் காலம். அவுஸ்திரேலியாவுக்கு என்று சொன்ன படகு. வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த ஆட்கள் நிறைந்த படகு.

போனது. அவ்வளவுதான் தெரியும். போய்ச் சேரவில்லை. திரும்பி வரவில்லை. உடைந்த பலகை ஒன்றுகூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

விமானத்தில் போக வழி உள்ளவர்கள் இந்த ஊரில் ஓர் இரவு தங்கிப் போகிறார்கள். கட்டுநாயக்கா விமான நிலையம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த வழி இல்லாதவர்களும் இதே ஊரில்தான் வந்து தங்கினார்கள். ஜன்னல்களை மூடிக்கொண்டு, செருப்புகளை வீட்டுக்குள் எடுத்துவைத்துக்கொண்டு, கடல் அடங்கும் நாளுக்காக.

அவளுக்கு இப்போது விமானத்தில் போக வழி இருந்தது.

அந்த வழியின் பெயர் ஸ்ரீதரன். ஜேர்மனியில் இருக்கிறார். மனைவியை நோயில் பறிகொடுத்தவர். அதிகம் பேசாதவர். போன மார்கழியில் வந்து வவுனியாவில் கலியாணத்தைப் பதிவு செய்துவிட்டுப் போனார். அண்ணன் பார்த்துச் செய்த ஏற்பாடு. அம்மா போன பிறகு வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் சொல்லக் களைத்துப்போனாள்.

அந்தப் பதிவுக்கு முன்னால் இன்னொரு பதிவு இருந்தது. கேதீஸ் இறந்துவிட்டான் என்று அவள் தன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

எப்போது இறந்தவர் என்று அந்த அலுவலர் கேட்டார். தெரியாது என்றாள். எங்கே என்று கேட்டார். கடலில் என்றாள். அவர் குனிந்து எழுதினார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது. அவ்வளவு சின்ன வேலையாக அது இருக்குமென்று அவள் நினைத்திருக்கவில்லை.

அவள் அழவில்லை. வெளியே வந்து ஒரு சோடா குடித்தாள். பேருந்து வந்தது. ஏறினாள்.

கேதீசுக்கு எட்டுச் செலவு நடக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையும் நடக்கவில்லை. உடம்பு இல்லாமல் எதற்கு என்று அவனைப் பெற்ற மாமி ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டுக் கேட்டு, வாசலைப் பார்த்துப் பார்த்து, மாமியும் போய்விட்டாள். அழவேண்டிய நாள் என்று ஒன்று சுபாஜினிக்கு வரவே இல்லை.

போன கிழமை ஸ்ரீதரன் தொலைபேசியில் சொன்னார்.

“நீர் ஒரு நாள் முந்தி வந்து நீர்கொழும்பில நில்லும். உமக்கு அங்க ஒரு அலுவல் இருக்குமெண்டு நினைக்கிறன்.”

என்ன அலுவல் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த மனிதரின் நல்ல மனம்தான் அவளை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது. கெட்டவராக இருந்தால் எவ்வளவு இலேசு.

ஆகவே அவள் வந்தாள். பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு, காலையில் கடற்கரையோடு நடந்தாள்.

தேடிப் போக அவளிடம் இருந்தது கேதீசின் குரல் மட்டும்தான். மூன்று கிழமை அவன் இங்கே ஒரு வீட்டில் ஒளிந்திருந்தான். இரவல் கைத்தொலைபேசியில் அவ்வப்போது கூப்பிடுவான். நீல வீடு என்றான். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோனியார் நிற்கிறார் என்றான். வீட்டுக்காரப் பிள்ளை மீனுக்குப் புளிக்குப் பதிலாகக் கொறுக்காய் போட்டுக் காய்ச்சுகிறது, உன்னுடைய கறி மாதிரி வராது என்றான்.

விமானம் வந்தால் கூரைத் தகரம் கிடுகிடு என்று ஆடுகிறது, நித்திரை இல்லை என்றான்.

கடைசியாகக் கூப்பிட்ட அன்றும் ஒரு விமானம் வந்தது. அவன் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். குரல் இரைச்சலுக்குள் போயிற்று. இரைச்சல் போனபோது தொடர்பும் போயிருந்தது. அந்த வசனம் என்னவாக இருக்கும் என்று அவள் பல வருடம் யோசித்தாள். பிறகு யோசிப்பதையும் விட்டாள்.

நடந்தாள். படகுத் துறையைத் தாண்டி, மீன் சந்தையைத் தாண்டி, பாலத்தைக் கடந்து முன்னக்கரைக்கு வந்தாள். சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே மாதாவும் செபஸ்தியாரும் அந்தோனியாரும். எல்லாப் புனிதர்களும் கடலைப் பார்த்து நின்றார்கள்.

நீல வீடு இல்லை. பச்சை வீடு இருந்தது. மஞ்சள் வீடு இருந்தது. கேட்கலாம். என்ன மொழியில் கேட்பது. கேட்டால் என்னவென்று கேட்பது. என் புருஷன் ஒளிந்திருந்த வீடு எது என்றா.

அப்போது மழை வந்தது.

இந்தக் கரையின் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கடலின் மேல் ஒரு சாம்பல் சுவர் தெரிந்தது. அடுத்த மூச்சில் அது தலையில் விழுந்தது. பெண்கள் ஓடினார்கள். பாய்களைச் சுருட்டினார்கள். கூடைகளில் மீனை வாரினார்கள். நாட்கணக்காக உப்பிலும் வெயிலிலும் பட்ட பாடு ஒரு மழையில் கரைந்துவிடும்.

ஒரு பெண் தனியாக ஒரு நீளப் பாயோடு போராடிக்கொண்டிருந்தாள். சுபாஜினியைப் பார்த்துச் சிங்களத்தில் என்னவோ கத்தினாள். பிறகு தமிழில் கத்தினாள்.

“அக்கா, அந்தப் பக்கம் பிடிங்க.”

சுபாஜினி பிடித்தாள். இரண்டு பேரும் பாயை மீனோடு மடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மழை கண்ணை மறைத்தது. ஒரு குறுகிய ஒழுங்கை. ஒரு படலை. தாழ்ந்த தகரக் கூரை. பாயை இறக்கி வைத்துவிட்டு இருவரும் மூச்சு வாங்கினார்கள். அந்தப் பெண் சிரித்தாள். சுபாஜினிக்கும் சிரிப்பு வந்தது. கை முழுக்கச் செதில்.

வீடு ரோசா நிறம். சுவரில் மழை வழிந்தது. ஜன்னலுக்குக் கீழே சாயம் ஓரிடத்தில் உரிந்திருந்தது. உள்ளங்கை அளவு.

உரிந்த இடத்தில் நீலம்.

சுபாஜினியின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். படலைக்கு வெளியே, மழைக்குள், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோனியார் நின்றார். கையில் குழந்தையோடு.

அந்தப் பெண் துவாய் ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள்.

“முல்லைத்தீவு.”

அடுப்பை மூட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவள், திரும்பாமலே, மெதுவாகக் கேட்டாள்.

“படகுக்கா வந்த?”

“ஓம்.”

“யாரு போன?”

“என்ர அவர்.”

அவள் பெயர் மார்சலின். அந்தப் படகை ஓட்டிப் போனது அவளுடைய புருஷன் ரொஷான்.

அதை அவள் ஒளிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, எதிரே நிலத்தில் குந்தி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். அடி வாங்கத் தயாராக இருப்பவள் போல இருந்தாள்.

“முந்தி எல்லாரும் வந்த. வந்து ஏசின. ஒரு அம்மா மண் அள்ளி எறிஞ்ச. நான் ஒண்டும் சொல்ல இல்ல. இப்ப ஒருத்தரும் வாற இல்ல. நீங்க ஏசுறதெண்டா ஏசுங்க அக்கா. தேத்தண்ணி குடிச்சிட்டு ஏசுங்க.”

அவளுடைய தமிழ் சிங்களத்தின் கரையில் நின்ற தமிழ். நான், நீங்கள், அவர், எல்லாருக்கும் ஒரே வினைச்சொல். நான் போன. அவர் போன. எல்லாரும் போன.

விசாவுக்காக ஒரு வருடம் ஜேர்மன் படித்தவள் சுபாஜினி. ஆளுக்கு ஆள் மாறும் வினைச்சொற்களின் வால்களைத்தான் ஒரு வருடமும் மனப்பாடம் செய்தாள். இங்கே வால்கள் எல்லாம் அறுந்து கிடந்தன. போனது யார், இருப்பது யார் என்று அந்தச் சொற்களுக்குத் தெரியவில்லை.

படகோட்டியை அவள் வெறுத்திருக்கிறாள். முகம் தெரியாமலே வெறுத்திருக்கிறாள். தடித்த கழுத்து, தங்கச் சங்கிலி, சிவந்த கண் என்று அவனுக்கு ஓர் உருவம் கொடுத்து வைத்திருந்தாள். தூக்கம் வராத இரவுகளில் அந்த உருவத்தை எடுத்துத் திட்டுவாள். திட்டிவிட்டுத் தூங்குவாள்.

சுவரில் கலியாணப் படம் தொங்கியது. மெலிந்த ஒரு பொடியன். தோளுக்குப் பெரிய கோட்டு. கோட்டுக்குள்ளிருந்து வெட்கமாக எட்டிப் பார்க்கும் முகம்.

“படகு அவருடையது இல்ல” என்றாள் மார்சலின். “ஓட்டத்தான் கூப்பிட்ட. அங்க போய்ச் சேர்ந்தா திரும்பி வராம நிண்டு, என்னையும் எடுக்குற எண்டு சொன்ன. நான் அப்ப வயித்தில பிள்ளையோட.”

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தது. சுவர் ஆணியில் அதன் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று காய்ந்தது.

சுபாஜினி ஏசவில்லை. தேத்தண்ணியைக் குடித்தாள். இனிப்புக் கூடிப்போன தேத்தண்ணி.

“உங்கட ஆள் எது?” என்று மார்சலின் கேட்டாள். “அப்ப ஆக்கள் கூட. எனக்கு எல்லா முகமும் ஞாபகம் இல்ல.”

சுபாஜினி சொன்னாள். உயரம். இடது புருவத்துக்கு மேலே செல் வெடித்துத் துண்டு பட்ட தழும்பு. எதையும் நின்று நிதானமாகப் பேசுபவர். கேதீஸ்.

மார்சலின் கையை உயர்த்திக் கூரையைக் காட்டினாள்.

“அந்த அண்ணன். கூரை கட்டின அண்ணன்.”

சுபாஜினி நிமிர்ந்து பார்த்தாள்.

தகரத்துக்கும் மரத்துக்கும் இடையே பச்சை நைலோன் கயிறு. வலை இழுக்கும் கயிறு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு முடிச்சு. இரண்டு சுற்று. ஒரு மடிப்பு. முனை வெளியே தெரியவில்லை.

அவளுக்குத் தெரியும் அந்த முடிச்சை.

யுத்தம் முடிந்து முகாமில் கிடந்த காலம். அவர்களுடைய தறப்பாள் கூடாரம் முதல் காற்றிலேயே பறந்தது. அம்மா மழையில் நின்று அழுதாள். பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒருவன் வந்தான். ஒன்றும் பேசாமல் கயிற்றை வாங்கிக் கட்டினான். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, பிறகு முனையை உள்ளே செருகி மறைத்தான். ஏன் அப்படி என்று அவள் கேட்டாள். காற்றுக்கு முனை தெரியக்கூடாது என்றான்.

அவனோடு அவள் பேசிய முதல் பேச்சு அது. ஊர் ஊராய் இடம்பெயர்ந்து, ஊருக்கு ஊர் தறப்பாள் கட்டி, அவன் கற்றிருந்த ஒரே வித்தை அது. அந்தக் கையைத்தான் அவள் கலியாணம் கட்டினாள். முழுதாய் இரண்டு வருடம்கூட வாழவில்லை.

“பிளேன் போனா இந்தத் தகரம் சத்தம் போடுற” என்றாள் மார்சலின். “அந்த அண்ணன் தூங்க இல்ல. ஒரு நாள் மேல ஏறின. வெளிய தெரிய வேணாம் எண்டு ரொஷான் ஏசின. இவர் கேக்க இல்ல. மழையில நனைஞ்சு நனைஞ்சு கட்டின. பிறகு ஆட இல்ல. இண்டைக்கு வரைக்கும் ஆட இல்ல.”

அப்போது ஒரு விமானம் வந்தது. மழைக்கு மேலே, தெரியாமல், பெரிய இரைச்சலாக வந்தது. சுபாஜினி கூரையைப் பார்த்தபடி இருந்தாள். கோப்பையில் தேத்தண்ணி நடுங்கியது. கூரை நடுங்கவில்லை.

“புதுத் தகரம் போடச் சொல்லி எங்கட அண்ணன் சொன்ன. நான் விட இல்ல. கட்டினவர் வந்து அவுக்கட்டும் எண்டு சொன்ன.”

அப்படிச் சொல்லும்போது மார்சலினுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. சுபாஜினிக்கு அந்த வெளிச்சத்தைத் தெரியும். மாமியின் முகத்தில் பார்த்திருக்கிறாள். ஒரு காலத்தில் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறாள்.

மார்சலின் நம்பினாள். அவர்கள் எங்கோ ஒரு தீவுச் சிறையில் இருக்கிறார்கள். பெயர் மாறி, மொழி மாறி இருக்கிறார்கள். சிலாபத்தில் ஒருத்தியின் தம்பி தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறான், கம்பிக்குப் பின்னால் ரொஷான் மாதிரி ஒருவனை. பூசை வைக்கச் சொல்லிக் கோயில் பாதிரியார் கேட்டார். செத்தவருக்கு வைக்கும் பூசை என்றபடியால் இவள் மறுத்துவிட்டாள். மாமியார் வீட்டார் இவளோடு பேசுவதில்லை. ரொஷான் பேரில் பதிவு எதுவும் இவள் செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லை.

“நீங்களும் விட இல்லத்தானே” என்றாள் மார்சலின். “அதான் வந்த. இவ்வளவு வருசத்துக்குப் பிறகும் வந்த.”

மழை குறைந்திருந்தது. கூரை ஓரத்திலிருந்து நீர் சொட்டியது. ஒன்று. பிறகு ஒன்று.

“இங்கயிருந்து எங்க போற அக்கா?”

“எயாப்போட்டுக்கு. நாளைக்கு ஜேர்மனிக்கு.”

மார்சலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய கண்கள் அகன்றன.

“தேடத்தானே போற?”

ஓம் என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். இந்தப் பெண்ணுக்கு அது இன்னும் பத்து வருடத்துக்குப் போதும். சுபாஜினியின் நாக்கு வரைக்கும் வந்தது அந்தச் சொல்.

கூரையைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். இந்தக் கூரைக்குக் கீழே அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

“நான் கலியாணம் கட்டிட்டன்” என்றாள்.

மார்சலின் காலிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“இவர் செத்திட்டார் எண்டு பதிஞ்சு குடுத்திட்டன். நாளைக்கு மற்றவரிட்டப் போறன்.”

சொல்லி முடித்ததும் அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. எங்கோ ஒரு காகம் கத்தியது. மார்சலின் எழுந்தாள். காலிக் கோப்பையை எடுத்துப்போய்க் கழுவினாள். கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினாள்.

“அப்ப ஏன் வந்த?”

“சொல்லிப்போட்டுப் போகத்தான்.”

“ஆருக்கு?”

சுபாஜினி மேலே பார்த்தாள். மார்சலினும் மேலே பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒரு கூரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

பிறகு மார்சலின் சொன்னாள். கோபமாக இல்லை. ஒரு வழக்கைத் தீர்த்துவைப்பவள் போல, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

“சரி. உங்கட ஆள் செத்த. எங்கட ஆள் சாக இல்ல.”

ஒரே படகு. ஒரே காற்று. ஒரே தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டு, ஒருத்தரை இந்தப் பக்கமும் மற்றவரை அந்தப் பக்கமுமாக மார்சலின் பிரித்துவைத்தாள். அவளால் அது முடிந்தது. சுபாஜினி தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வது.

“அழுத நீங்க?” என்று மார்சலின் கேட்டாள்.

“இல்லை.”

“ஒரு நாளும்?”

“ஒரு நாளும்.”

மார்சலின் உள்ளே போனாள். ஒரு மெழுகுதிரியோடும் தீப்பெட்டியோடும் வந்தாள். சுபாஜினியின் கையைப் பிடித்தாள். கருவாடும் உப்பும் காய்ப்பும் உள்ள கை. படலையைத் திறந்து கூட்டிக்கொண்டு போனாள்.

ஒழுங்கையில் மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தோனியாரின் கண்ணாடியில் துளிகள் நின்றன. மார்சலின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். மெழுகுதிரியைப் பற்றவைத்தாள். காற்றுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு, சிலையின் முகத்தைப் பார்த்து, கண்டிப்பாகச் சொன்னாள்.

“இது இவங்கட ஆளுக்கு மட்டும்.”

பிறகு சுபாஜினியிடம் திரும்பினாள்.

“பேரு சொல்லுங்க.”

“கேதீஸ்.”

“முழுப்பேரு.”

சுபாஜினி வாயைத் திறந்தாள். கேதீஸ்வரன் என்று சொல்ல வந்தாள். பெயர் பாதியில் உடைந்தது.

எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. வயிற்றிலிருந்தா, பதிவு அலுவலகத்திலிருந்தா, இல்லை அந்த முகாமின் முதல் காற்றிலிருந்தா. சேற்றில் முழங்காலில் விழுந்தாள். என்ர ராசா, என்ர ராசா என்றாள். ஒருநாளும் அவனை அப்படி அவள் கூப்பிட்டதில்லை. அவளுடைய ஊரில் செத்த புருஷன்மாரை அப்படித்தான் கூப்பிட்டு அழுவார்கள். அப்படிக் கூப்பிடத்தான் அவளுக்கு இவ்வளவு வருடம் பிடித்தது.

எதிர்வீட்டில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, தள்ளிக்கொண்டு போனார். சாவு வீட்டு அழுகைக்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை.

மார்சலின் அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். முதுகைத் தடவினாள். ஆனால் அழவில்லை. உதடுகளை இறுக்கிக் கடித்துக்கொண்டு, கடல் இருக்கும் திசையைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு துளி விழுந்தாலும் தன்னுடையவனும் செத்துப்போவான் என்பதுபோல. அவளுடைய உடம்பு மட்டும் நடுங்கியது. சுபாஜினி அதை உணர்ந்தாள். தன் அழுகையா, அவளுடைய நடுக்கமா என்று பிரிக்க முடியவில்லை.

மெழுகுதிரி எரிந்து முடியும் வரைக்கும் இருந்தார்கள்.

வெயில் வந்தது. மழை கழுவிய வெயில். ஒழுங்கை ஆவி விட்டது. கடற்கரையில் பெண்கள் திரும்பவும் பாய்களோடு வந்துகொண்டிருந்தார்கள். மார்சலின் எழுந்து சீலையை உதறினாள்.

“மீன் பழுதாகுற” என்றாள்.

இருவருமாகப் பாயைத் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போனார்கள். விரித்தார்கள். மார்சலின் பாயில் குவிந்திருந்த மீனை எடுத்து வைத்தாள். ஒன்றின் தலை மற்றதன் வாலில். சுபாஜினி எதிர்ப்பக்கத்திலிருந்து வைத்தாள். நனைந்ததில் சில மீன்கள் வெளுத்திருந்தன. அவற்றை மார்சலின் தனியாக எடுத்து வைத்தாள்.

விடுதிக்குப் போகவேண்டிய நேரம் ஆயிற்று. ஸ்ரீதரன் கூப்பிட்டிருப்பார். பெட்டி கட்ட வேண்டும். சுபாஜினி எழுந்தாள். கையில் ஒட்டிய செதிலைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

மார்சலின் தலையை நிமிர்த்தவில்லை. கை மீன்களுக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

“அக்கா.”

“சொல்லுங்கோ.”

“அங்க ஆராவது இந்தப் படகப் பத்திக் கேட்டா, எல்லாரும் செத்த எண்டு சொல்ல வேணாம்.”

கை நின்றது. ஒரு மீனைப் பிடித்தபடி நின்றது.

“ஒருத்தர் செத்த எண்டு சொல்லுங்க.”

சுபாஜினி கடலைப் பார்த்தாள். மழைக்குப் பிறகு அது சேற்று நிறமாக, ஒன்றும் அறியாததாகக் கிடந்தது. அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மார்சலினுக்கும் தெரியும்.

“ஓம்” என்றாள் சுபாஜினி. “ஒருத்தர்தான்.”

மார்சலின் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.